வேலைக்குப் போகாத கத்தி

வாருங்கள், ஓர் அநியாயத்தைப் பாருங்கள்.

இரத்தம் சிந்திய அநியாயம் அன்று. நீதிமன்றப் படி ஏறிய அநியாயமும் அன்று. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், சுழலும் மின்விசிறிக்குக் கீழே, எல்லோரும் சிரித்த முகமாய் இருந்தபோதே நடந்த அநியாயம். சிரித்துக்கொண்டே செய்ததால் செய்தவர்களுக்கு உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டதால் அக்கம்பக்கத்தாருக்கும் தெரியவில்லை. ஆகவேதான் சாட்சிக்கு உங்களை அழைக்க வேண்டியிருக்கிறது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

கூடத்தில் நிற்கும் அலமாரியை முதலில் பாருங்கள். மேல் தட்டு முழுவதும் பழைய ரேடியோக்கள். பாலிஷ் பட்டறையில் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் மெருகேற்றும் வீட்டுக்காரர் தேடித் தேடிச் சேர்த்தவை; அவற்றில் ஒன்றுகூட வாய் திறந்து பாடியதில்லை. அடுத்த தட்டில் காலி அத்தர் புட்டிகள். அவை வீட்டுக்காரரின் அக்காவுக்குச் சொந்தம். பஸ் நிலையத்துக் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று ஊருக்கே அறிவிக்கும் அம்மையார் அவர். கீழ்த் தட்டு மகளுடையது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், யாரும் சீந்தாத பழைய கண்ணாடிச் சட்டங்களைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கியிருக்கிறாள். எதற்கு இதெல்லாம் என்று இவர்களை எவரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது! ஆசைக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் பிறகு அதற்கு ஆசை என்று பெயர் எதற்கு?

ஆனால் அந்த அலமாரியைத் தூசி தட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். ரேடியோவை ஒவ்வொன்றாக இறக்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறவள். வீட்டுக்காரரின் மனைவி. பழைய சோபாக்களைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் மெத்தைக்காரி. அலமாரியில் அவளுக்கென்று ஒரு விரற்கடை இடம் கிடையாது. இடம் கேட்டால் தருவார்கள்தான். கேட்பதற்கு அவளிடம் அதுவரை பொருள் ஒன்றும் இருந்ததில்லை.

அந்தப் பொருள் அவளைத் தேடி வந்த கதையைக் கேளுங்கள்.

சோபாவைப் பிரிப்பது தைப்பதைவிடக் கடினமான வேலை. மேல் துணியை இழுத்துப் பிடித்திருக்கும் ஆணிகளை முதலில் நெம்பி எடுக்க வேண்டும். சின்னச் சின்ன ஆணிகள். நெம்புகோலுக்குப் பிடி கொடுக்காதவற்றை விரலால்தான் பறித்தாக வேண்டும். ஆணி பறித்துப் பறித்து மெத்தைக்காரியின் நகங்கள் சதையோடு சதையாகத் தேய்ந்து போயிருந்தன. துணியை உரித்தால் ஸ்பாஞ்சு. அதன் அடியில் தேங்காய் நார். அதற்கும் அடியில் வருடக்கணக்காக அமுங்கி அமுங்கி முதுகு வளைந்த ஸ்பிரிங்குகள். அங்கேதான் சோபா தன் கள்ளத்தனத்தையெல்லாம் ஒளித்து வைத்திருக்கும். உட்காருகிறவன் சட்டைப் பையிலிருந்து, சாய்கிறவன் கால்சட்டைப் பையிலிருந்து, அது எதையாவது விழுங்கிக்கொண்டே இருக்கும். சில்லறை, சீப்பு, மூடியில்லாத பேனா, ஒரு முறை ஒரு குழந்தையின் பால் பல். எது கிடைத்தாலும் உரியவரிடம் கொடுத்துவிடுவது பட்டறையின் வழக்கம்.

அப்படித்தான் ஒரு நாள் ஒரு நீளச் சோபாவின் குடலுக்குள்ளிருந்து மடக்குக் கத்தி ஒன்று கிடைத்தது. விரல் நீளம், பிடி மரம். சோபாவுக்குச் சொந்தக்காரர் வந்தபோது கையில் கொடுத்தாள். காணாமல்போன மகனைக் கண்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது. நகத்தால் அலகைத் திறந்து பார்த்தார், மூடினார்.

'டக்.'

அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் எத்தனை திருப்தி! ஸ்பிரிங்கின் அருமை அறிந்தவள் அவள். ஒரு ஸ்பிரிங்கு தன் வேலையை முழு மனதோடு செய்யும்போது எப்படிப் பேசும் என்பது அவள் காதுக்குத் தெரியும். அலகு போய்ப் பிடிக்குள் அடங்கிய அந்த அடக்கமும், 'இனி என்னை யாரும் ஒன்றும் கேட்காதீர்கள்' என்பது போன்ற அந்த முடிவும் அவளைப் பிடித்துக்கொண்டன. அன்று முழுவதும் ரெக்சின் வெட்டும்போதும் நூல் கோக்கும்போதும் அந்தச் சத்தம் கூடவே வந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது வாய்விட்டுச் சொன்னாள்.

"எனக்கு மடக்குக் கத்தி சேக்கணும்போல இருக்கு."

பாலிஷ்காரர் மெல்லுவதை நிறுத்தினார். "சேக்கணும்னா?"

"ஒண்ணு வாங்கறது. அப்புறம் தோணுச்சுன்னா இன்னொண்ணு. நீங்க ரேடியோ சேக்கற மாதிரி."

"ரேடியோவும் கத்தியும் ஒண்ணாம்மா? ரேடியோன்னா பாடும்."

"உங்க ரேடியோல எது பாடுது, சொல்லுங்க?"

மகளுக்குப் புரையேறியது. அவள் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே நாத்தனார் விசாரணையைத் தொடங்கினார். "அது கிடக்கட்டும். உனக்குக் கத்தி எதுக்கு? சமையல்கட்டுல மூணு கிடக்கே, ஏதாவது மழுங்கிப் போச்சா?"

"எதுவும் மழுங்கலை அண்ணி. அது மூணும் உங்க எல்லாருக்கும் உழைக்குது. பட்டறைக் கத்தி முதலாளிக்கு உழைக்குது. சாயங்காலமானா ஆணியில மாட்டிட்டு வந்துடறேன். எனக்கு வேலைக்கே போகாத கத்தி ஒண்ணு வேணும்."

"வேலைக்குப் போகாம வீட்டுல உக்காந்து என்ன பண்ணுமாம்?"

"சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கறதுக்கு ஒரு கத்தியா?"

"ஏன் அத்தை, உங்க புட்டியெல்லாம் எந்த ஆபீஸுக்குப் போகுது?" என்றாள் மகள், இருமலுக்கு நடுவில்.

"நீ முதல்ல தண்ணியைக் குடி."

"ஆனா அம்மா, தெருவுல கேட்டா நான் என்ன சொல்றது? எங்கம்மா வீடு நிறைய கத்தி வச்சிருக்காங்கன்னா எல்லாரும் பயப்பட மாட்டாங்க?"

"பயந்தா நல்லதுதானே. சாயங்காலம் அரட்டைக்கு வர்றவங்க சீக்கிரம் கிளம்புவாங்க."

மேஜை அதிரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பாலிஷ்காரர் பெருந்தன்மையாகத் தீர்ப்புச் சொன்னார்: "சரி, வாய்விட்டுக் கேட்டுட்டே. ஒண்ணு வாங்கிடலாம். ஆனா வீட்டுக்கு உபயோகமா இருக்கணும். ஸ்க்ரூ டிரைவர் வச்ச கத்தி ஒண்ணு பாத்திருக்கேன், ரேடியோ கழட்டத் தோதா இருக்கும்."

"கத்தரிக்கோல் வச்சதா இருந்தா எனக்கு நகம் சீவிக்க ஆகும்," என்றார் நாத்தனார்.

"பாட்டில் மூடி திறக்கறது வேணும்மா. எங்க கடையில தினம் தேடறோம்," என்றாள் மகள்.

கண்டீர்களா கொடுமையை! அந்த மேஜையில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கத்தி கிடைத்துவிட்டது. கேட்டவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அடித்துப் பறித்தால் கூக்குரலிடலாம். அன்பாகப் பங்கு போட்டுக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது? மெத்தைக்காரி தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆசையை மட்டும் மேஜையிலிருந்து எடுக்கவில்லை. அது அங்கேயே கிடந்தது, யாரும் துடைக்காத சோற்றுப் பருக்கைபோல.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நால்வரும் சேர்ந்தே கிளம்பினார்கள். முந்தின நாள் பெய்த மழையில் தெரு குளித்துவிட்டு நின்றது. கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியில் பழைய சாமான் கடைகள் வரிசையாக விரிந்திருந்தன. கடைசியில், தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, முக்காலியில் அமர்ந்திருந்தார் கப்பல்காரர். கப்பலில் சமையற்காரராக இருந்தவர். துறைமுகத்துக்குத் துறைமுகம் வாங்கிய கத்திகளை இப்போது ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்தார். விற்பதில் அவசரமே கிடையாது. பேச ஆள் கிடைத்தால் போதும்.

"வாங்க, வாங்க. யாருக்கு? சாருக்கா?"

"எனக்கு," என்றாள் மெத்தைக்காரி.

"உங்களுக்கா? எதை நறுக்க?"

"எதையும் இல்லைங்க. சேக்க."

கப்பல்காரர் முக்காலியை ஓரடி முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படிச் சொல்லுங்க! நறுக்க வந்தவங்களுக்கு அந்தப் பக்கத் தட்டு. சேக்க வந்தவங்களுக்கு இது." பெட்டிக்குள்ளிருந்து பச்சைத் துணி விரித்த தட்டு ஒன்று வெளியே வந்தது. மடங்கிய கத்திகள் மீன்களைப்போல் வரிசையாகப் படுத்துக்கிடந்தன. கொம்புப் பிடி, எலும்புப் பிடி, தேய்ந்த மரப் பிடி, பித்தளைத் தகடு. "ஆனா ஒண்ணு. கண்ணுல பட்டதெல்லாம் வாங்கினா அதுக்குப் பேரு குப்பை. சேக்கறதுன்னா ஒரு வழி வேணும். சிலர் பிடியைப் பாத்து எடுப்பாங்க. சிலர் ஒரே கம்பெனி. சிலர் ரெட்டை அலகு மட்டும். உங்க வழி எது?"

"அவங்களுக்கு ஸ்க்ரூ டிரைவர் வச்சது..." என்று தொடங்கினார் பாலிஷ்காரர்.

"சார், நான் அம்மாவைக் கேட்டேன்."

மெத்தைக்காரி தட்டைப் பார்த்தாள். அழகாய்த்தான் இருந்தன எல்லாம். அழகைப் பார்த்து எடுப்பதா? எதையும் சொல்லத் தெரியாமல் ஒன்றைக் கையில் எடுத்தாள். அலகின் விளிம்பில் நகம் வைத்துத் திறப்பதற்கென்று பிறைபோல் ஒரு சிறு பள்ளம். அவளுக்கு நகம் ஏது? கட்டைவிரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது.

"இங்க குடு," என்றார் நாத்தனார். கண்ணாடி அறைக்குள் மைக்கைத் தவிர வேறெதையும் தொடாத கைகள். செந்நிறச் சாயம் பூசிய நீள நகங்கள். ஒரே இழுப்பில் அலகு நிமிர்ந்தது. மெத்தைக்காரி அதை வாங்கி மூடினாள்.

'டப்.'

"இல்லை," என்றாள்.

"என்ன இல்லை?"

"சத்தம் சரியில்லை அண்ணி. அடுத்ததைத் திறங்க."

அடுத்தது எலிப்பொறிபோல் கடித்தது. அதற்கடுத்தது கொட்டாவி விட்டவன் வாயை மூடுவதுபோல் சோம்பேறித்தனமாக அடங்கியது. ஒன்று சத்தமே போடாமல் நழுவி உள்ளே போனது, திருட்டுப் பூனை. மெத்தைக்காரியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு," என்றாள் கப்பல்காரரிடம். "மூடற சத்தத்தை வச்சு எடுக்கப் போறேன்."

கப்பல்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இத்தனை கடல் சுத்தியிருக்கேன், காதால கத்தி வாங்கறவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அம்மா சும்மா சொல்றாங்க," என்றாள் மகள். "எல்லாம் ஒரே சத்தம்தான்."

"ஒரே சத்தமா? என் கண்ணைக் கட்டு. நான் சொல்றேன் எது எதுன்னு."

மகளின் கைக்குட்டை அம்மாவின் கண்ணுக்கு ஏறியது. நாத்தனார் திறக்க, பாலிஷ்காரர் மூட, மெத்தைக்காரி அடையாளம் சொன்னாள். "கொம்பு. எலும்பு. ரெண்டாவது எலும்பு, அந்த விரிசல் விட்டது. பூனை. இந்தாங்க, பாதியிலேயே நிறுத்தாதீங்க, முழுசா மூடுங்க." பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாளி விற்கிறவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார். கூட்டத்தைக் கண்டதும் நாத்தனாருக்குத் தொண்டையில் உத்தியோகம் வந்துவிட்டது. மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு முழங்கினார்:

"பயணிகளின் கவனத்திற்கு! முதல் மேடையில் நிற்கும் கொம்புப் பிடிக் கத்தி இன்னும் சற்று நேரத்தில் மூடப்படும். பயணிகள் விரல்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்!"

சந்தையே கைதட்டியது. கடைசியில், ஒரு கத்தி மூடிய சத்தத்தில் மெத்தைக்காரி அடையாளம் சொல்லவே மறந்தாள். கட்டை அவிழ்க்காமலே கையை நீட்டினாள். "இதைக் குடுங்க. இதுதான்."

பித்தளைத் தகட்டுப் பிடி. அலகு பளபளப்பாக இல்லை. மழை மேகம் படிந்ததுபோல் கருநீலம் பாய்ந்திருந்தது.

"துருப் பிடிச்ச மாதிரி இருக்கே," என்றார் பாலிஷ்காரர்.

"துரு இல்லைங்க. அது இத்தனை நாள் வாழ்ந்த வாழ்க்கை," என்றார் கப்பல்காரர்.

தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்து வாங்கினாள். வீட்டில் கண்ணாடிச் சட்டங்களைச் சற்று ஒதுக்கி மகள் இடம் கொடுத்தாள். சமைக்கும்போதும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள் மெத்தைக்காரி. மூடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும், "அண்ணி, ஒரு தடவை திறந்து குடுங்க," என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

"என்னைக் கத்தி திறக்கற உத்தியோகத்துல போட்டுட்டா இவ. சம்பளம் உண்டா?" என்று நாத்தனார் அலுத்துக்கொண்டாலும், அவருடைய காதும் அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போயிருந்தது.

இதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் அன்பு இருக்கிறதே, அது ஒரு நல்ல காரியத்தை அப்படியே விட்டு வைக்காது.

பாலிஷ்காரருக்கு அந்தக் கருநீல அலகு கண்ணில் முள்ளாய் உறுத்தியது. ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னச் செய்கிறவர்; கட்டிய மனைவியின் பொருள் மங்கிக் கிடக்கலாமா? ஒரு காலை, யாரும் பார்க்காதபோது கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். துணிச் சக்கரத்தில் பாலிஷ் சோப்பைத் தேய்த்து, அலகின் இரண்டு பக்கமும், பித்தளைத் தகடும், ஆணித் தலையும் எதுவும் மிச்சமில்லாமல், தன் ஆயுளில் செய்த வேலைகளிலெல்லாம் உயர்ந்த வேலையைச் செய்து முடித்தார். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று, "அண்ணே, கண்ணு கூசுது," என்றார்கள். மஞ்சள் துணியில் சுற்றி, மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் நடையே மாப்பிள்ளை நடையாக இருந்தது.

"கண்ணை மூடு," என்றார். "இப்போ திற."

விளக்கு வெளிச்சம் அலகில் பட்டுக் கூரையில் துள்ளியது. மெத்தைக்காரி பார்த்தாள். மேகம் போயிருந்தது. அலகின் அடியில் பொறித்திருந்த, படிக்க முடிந்தும் முடியாமலும் இருந்த எழுத்துக்களும் போயிருந்தன. மூடினாள்.

'ஸ்ப்...'

சக்கரத்துச் சோப்பு ஸ்பிரிங்குக்குள் புகுந்து இறுகியிருந்தது. சேற்றில் கால் வைத்ததுபோல் ஒரு சத்தம்.

பாலிஷ்காரரின் புன்னகை எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. "என்னம்மா? பிடிக்கலையா? கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கேன்..."

"டேய் தம்பி." நாத்தனாரின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே தெருவரைக்கும் போயிற்று. "என்ன காரியம்டா பண்ணியிருக்கே? அவ அதை அழகுக்கா வாங்கினா? சத்தத்துக்கு வாங்கினா! உன் ரேடியோ பொத்தானை யாராவது இந்தப் பக்கம் திருப்பினா அந்தப் பக்கம் குதிப்பே. அவ பொருளைத் தொடறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டியா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா..."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் நாம எல்லாரும் பண்றோம். அன்னிக்குக் கத்தரிக்கோல் வச்சது வாங்குன்னு நானும் நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்துப்போனார். கண்ணாடி அறைக்குள் இருந்து அவர் எத்தனையோ தவறுதலான அறிவிப்புகளுக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். வீட்டுக்குள் தெரிவித்தது இதுதான் முதல்.

பாலிஷ்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டறைக் கரி படிந்த கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். கோபத்தை எதிர்பார்த்திருந்தார், அழுகையை எதிர்பார்த்திருந்தார். மெத்தைக்காரியோ அவரையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரேபோல் வாயடைத்துப்போய் இருப்பதாக அவளுக்குப் பட்டது. முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள்.

"ஏங்க, பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி இருக்குங்க இது! முகத்தைக் கழுவி, பவுடர் பூசி, வாயை மட்டும் தைச்சு அனுப்பியிருக்கீங்க!"

"சிரிக்காதே. எனக்குக் கஷ்டமா இருக்கு."

"சோப்பு எதுல கரையும், சொல்லுங்க. அது உங்களுக்குத் தெரியும்தானே?"

"மண்ணெண்ணெய்ல." தலை நிமிர்ந்தது.

ஒரு கிண்ணம் வந்தது. மண்ணெண்ணெய் வந்தது. மூக்குக் கண்ணாடி மூட்டுகளில் எண்ணெய் விடும் சின்னஞ்சிறு குப்பியை மகள் தன் கைப்பையிலிருந்து எடுத்தாள். நாத்தனார் திறந்தும் மூடியும் கொடுக்கக் கொடுக்க, கிண்ணத்தில் கறுப்புக் கறுப்பாகச் சோப்பு இறங்கியது. சாயம் பூசிய நகங்களில் இரண்டு அன்றைக்கு ஒடிந்தன. "போனா போகுது, வளரும்," என்றார் அவர். ஈரம் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்கள். நான்கு தலைகளும் மேஜைமேல் குனிந்தன.

'டக்!'

வெளியே போய்க்கொண்டிருந்த யாரோ, என்ன வெற்றி என்று கேட்கும் அளவுக்கு வீட்டுக்குள் ஆரவாரம் எழுந்தது. பாலிஷ்காரர் கத்தியை மனைவியிடம் நீட்டினார். அவள் அவருடைய விரல்களையே அதன்மேல் மடக்கினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். பையில வச்சுக்குங்க. ரேடியோ கழட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க."

"கோவமா?"

"கோவம் இல்லைங்க. யோசிச்சுப் பாத்தேன். இதைத் திறந்தது அண்ணியோட நகம். மூடினது உங்க கை. கண்ணைக் கட்டினது இவ. நாலு பேரும் சேந்து எடுத்த கத்தி இது. நாலு பேருக்கும் சொந்தம். சேக்கறது இன்னும் ஆரம்பிக்கலை. வர்ற ஞாயித்துக்கிழமை நான் தனியா போறேன்."

"தனியான்னா? நாங்க வரவே கூடாதா?" என்றாள் மகள்.

"வாங்க. ஆனா கப்பல்காரர் கடைக்கு எதிர்ல ஒரு டீக்கடை இருக்கு பாரு. அதைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது."

சட்டம் இயற்றப்பட்டது, சபை ஏற்றுக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் இதமாக இருந்தது. மூவரும் டீக்கடைப் பலகையில் வரிசையாக உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள். மெத்தைக்காரி பச்சைத் துணித் தட்டின் முன்னால் போய் அமர்ந்தாள். கப்பல்காரர், "பட்டாளம் எங்கே?" என்றார்.

"எல்லையில நிறுத்தியிருக்கேன். நீங்களும் கொஞ்ச நேரம் பேசாதீங்க."

பேச்சே உயிராய் வாழ்ந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் எடுத்தாள், வைத்தாள். நகமில்லாத விரலுக்கு வழுக்கியவற்றை ஒரு வருத்தமும் இல்லாமல் ஒதுக்கினாள். எத்தனை அழகாயிருந்தாலும், இன்னொருவர் திறந்து தர வேண்டிய கத்தி தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தாள். தட்டின் ஓரத்தில் யாரும் கவனிக்காத ஒன்று கிடந்தது. கறுத்த மரப் பிடி. பிடியின் நடுவில் அரைவட்டமாகச் செதுக்கி, அலகின் முதுகை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கும்படி விட்டிருந்தார்கள். கிள்ளினாள். ஆணி பறித்துப் பறித்து இரும்பாய் இறுகிய விரல்கள் அல்லவா? அலகு மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தது. யாருடைய தயவும் இல்லாமல், அவள் கையிலேயே, அவளுக்காகவே. மூடினாள். முந்தையதைவிடத் தாழ்ந்த, கனமான சத்தம். மறுபடி திறந்தாள். மூடினாள். ஒன்றுக்கும் ஆகாத அந்த விளையாட்டை அலுக்காமல் விளையாடினாள். வியாபாரம் நடக்கும் சந்தையின் நட்டநடுவில், ஒருவருக்கும் ஒரு வேலையும் செய்யாமல், ஓர் உழைப்பாளிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அதைவிட அழகான காட்சி அன்று அந்தச் சந்தையில் விற்பனைக்கு இல்லை.

டீக்கடையில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது.

"எதை எடுத்திருக்கா? தெரியுதா?" என்றார் பாலிஷ்காரர், கழுத்தை நீட்டி.

"மறைக்கறீங்கப்பா. கறுப்பா ஏதோ."

"கறுப்பா? மெருகு போட்டா..."

"டேய்!" என்றார் நாத்தனார்.

"சும்மா சொன்னேன்க்கா. இன்னொரு டீ சொல்லட்டுமா?"

"சொல்லு. எனக்குச் சர்க்கரை கம்மியா."

மெத்தைக்காரி ஒருவழியாகக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். சாலையைக் கடந்து அவர்களிடம் வந்தாள். கையைத் திறந்து காட்டவில்லை. மகள் விரல்களைப் பிரித்துப் பார்க்க முயன்றாள், பாலிஷ்காரர் கெஞ்சினார், நாத்தனார், "ஒரு தடவை சத்தமாவது கேக்க விடேன்டி," என்றார். "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். மூவரும் பின்னால் நடந்தார்கள். அந்தக் குடும்பம் அப்படி வரிசையில் போனதை அதற்கு முன் தெரு கண்டதில்லை.

பார்த்துவிட்டீர்கள். இனிச் சாட்சிகளுக்கு ஒரு கடமை இருக்கிறது. தாளைக் கீழே வையுங்கள், எழுந்திருங்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். அவளை இன்றைக்கே கடைத்தெருவுக்குப் போகச் சொல்லுங்கள். கத்தியோ, சங்கோ, சதுரங்கக் காயோ, அவள் என்ன எடுத்து வருவாள் என்பது உங்கள் பாடு அல்ல. துணைக்குப் போவதானால் போங்கள். ஆனால் டீக்கடைக்கு அந்தப் பக்கம் உங்கள் கால் படக்கூடாது. அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் கூப்பிடாதீர்கள். இன்னொரு டீ சொல்லிவிட்டு, அப்படியே காத்திருங்கள்!